பத்திரிகை வைத்தல்

மதுரைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையில் கல்யாணத்துக்கு நாள் குறித்த வீட்டார் அச்சகத்துக்கு வந்தால் ‘கார்டு பார்க்கணும்’ என்றுதான் கேட்பார்கள். அடித்து வாங்கிய கார்டின் முகப்பில் ‘திருமண அழைப்பிதழ்’ என்றிருக்கும். அதையே தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததும், ‘மாமா, பத்திரிக்கை வைக்க வந்திருக்கோம்’ என்பார்கள். ஒரே அட்டைக்குக் கடையில் ஒரு பேர், அச்சில் ஒரு பேர், வாயில் ஒரு பேர். ‘அழைப்பிதழ் வைக்க வந்தோம்’ என்று சொல்லிக்கொண்டு யாரும் படியேறுவதில்லை.

எழுத்தில் பத்திரிகை, பேச்சில் பத்திரிக்கை. நடுவில் வரும் அந்தக் ‘க்’ பிழை என்று தமிழாசிரியர்கள் திருத்துவார்கள். ஒற்றைக்கடையை ஒத்தக்கடை ஆக்கி, அதையே பெயர்ப்பலகையிலும் எழுதிவிட்ட ஊரில் அந்தத் திருத்தம் எடுபடுமா என்ன? போகட்டும். எனக்குக் குறுகுறுப்பாக இருப்பது பெயரைவிட அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வினை. கடிதம் என்றால் போடுகிறோம், பணம் என்றால் அனுப்புகிறோம், சாவி என்றால் கொடுக்கிறோம். கல்யாணப் பத்திரிகையை மட்டும் ஏன் வைக்கிறோம்?

பெயரிலிருந்தே தொடங்கலாம். ‘பத்ர’ என்றால் வடமொழியில் இலை. இறகு என்றும் பொருளுண்டு. கோயிலில் வில்வபத்திரம், துளசிபத்திரம் என்கிறோமே, அந்தப் பத்திரம்தான். இலையில் எழுதிய காலத்தில், எழுதிய இலையும் பத்திரம் ஆயிற்று. சின்ன இலை பத்திரிகா. தமிழுக்கு வந்த பிறகு இரண்டும் வேலையைப் பிரித்துக்கொண்டன: சொத்து எழுதினால் பத்திரம், சேதி எழுதினால் பத்திரிகை. 19ஆம் நூற்றாண்டில் செய்தித்தாள்கள் கிளம்பியபோது அவற்றுக்கும் இதே பெயர் பொருந்திவிட்டது. சுதேசமித்திரன் 1882இல் வந்தது. அன்றிலிருந்து பத்திரிகைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் பத்திரிகை அடிக்க வேண்டியிருக்கிறது. ‘மஞ்சள் பத்திரிகை’ என்ற தொடர் பட்ட பாடு தனி. மஞ்சள் தாளில் சிவப்பு மையால் அடித்தது என்றால் கல்யாண வீட்டில் அது மங்கலம். செய்தி உலகத்திலோ அது வசை.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் திறந்த பிறகு, இலையில் பிறந்த அந்த உடன்பிறப்புகள் இரண்டும் மேலூர் சாலையில் எதிரும் புதிருமாக வந்துவிட்டன. ஒரு பக்கம் வாதி, பிரதிவாதி, மூலப்பத்திரம், நகல். இன்னொரு பக்கம் மணமகன், மணமகள், முகூர்த்தம், விருந்து. இரண்டிலும் தகப்பன் பெயரும் ஊர்ப்பெயரும் பிசகக் கூடாது.

இலையை எழுதுபொருளாக்கி, பிறகு எழுத்துக்கே இலையின் பெயரை வைத்தது வடமொழி மட்டுமல்ல. தமிழில் எழுத்துச் சாமான்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: ஓலை, ஏடு, மடல், தோடு, இதழ், தாள். அத்தனையும் செடிகொடியில் இருப்பவை. தாள் என்பது நெல்லின் தண்டு. மடல் பனையிலும் தாழையிலும் இருக்கிறது. இலங்கையில் மத்திய வங்கி வெளியிடும் கடன் பத்திரத்துக்குப் பிணைமுறி என்று பெயர். அந்த முறியும் தளிர்தான். காகிதம் ஒன்றுதான் இந்தத் தோப்புக்கு வெளியிலிருந்து, பாரசீகத்துக் ‘காகஸ்’ வழியாக வந்தது. அது வந்து பல நூற்றாண்டு ஆகியும் ‘கல்யாணக் காகிதம்’ என்று எவரும் சொல்லவில்லை. பொருள் காகிதமாக மாறிய பிறகும் பெயர் இலையிலேயே நின்றுவிட்டது.

மணவோலை என்பது பழைய சொல். பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணத்துக்கு மணவோலை போகிறது. அந்தக் கதையில் இன்னொரு ஓலையும் உண்டு, கல்யாணத்தையே நிறுத்திய ஓலை. புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியார் மகளுக்கும் சுந்தரருக்கும் மணம் நடக்கும் நேரத்தில், ஒரு கிழவர் உள்ளே புகுந்து, மாப்பிள்ளை தனக்கு அடிமை, பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை இருக்கிறது என்று நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. கிழிந்தது படியோலைதான், மூலவோலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். சபையார் சும்மா விட்டுவிடவில்லை. பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்புநோக்கிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாருக்குக் கையெழுத்து ஒப்பீடு தெரிந்திருந்தது. மூலம், நகல், சாட்சிக் கையெழுத்து எல்லாம் இருக்கும் அந்தச் சபைக்காட்சியை நீதிமன்றக் கிளையில் கறுப்புக் கோட்டோடு அலையும் எவரிடமும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கதையில் எனக்கு வேண்டியது பக்தியைவிட ஓலையின் குணம். ஓலை என்றால் பிணைப்பு, எழுதியவனைக் கட்டும். கல்யாணத்தில் ஓலைக்கு ஆதியில் இருந்த வேலையும் அதுதான் என்று நினைக்கிறேன். ஊரைக் கூப்பிடுவது பிற்பாடு வந்த வேலை. இதற்கு நல்ல சான்று செட்டிநாட்டில் இருக்கிறது. நகரத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் எழுதுவார்கள். இன்னாருடைய மகனுக்கு இன்னாருடைய மகளை மணம் செய்து கொடுக்க இசைந்தோம் என்று இரு வீட்டாருக்கும் இடையே எழுதப்படும் ஆவணம் அது. முன்பு ஓலையில் எழுதினார்கள், இப்போது தாளில். நிச்சயதாம்பூலத்தில் எழுதிச் சபையில் உரக்க வாசிக்கும் லக்னப் பத்திரிகையும் இதே இனம். நாள், நட்சத்திரம், லக்னம், பெண், மாப்பிள்ளை, இரு பக்கத்துப் பாட்டன் பெயர்கள், நான்கு மூலையிலும் மஞ்சள், ஆளுக்கொரு பிரதி. நம் கல்யாணக் கார்டின் வாசகத்தை எடுத்து வைத்துப் படித்தால், ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி ஆண்டு, மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், லக்னம் என்று மூச்சுவிடாமல் போகும் அந்த முதல் வாக்கியம் விருந்தாளிக்காக எழுதியதே அல்ல என்று தெரியும். எந்த யோகத்தில் தாலி ஏறினால் சாப்பிட வருகிறவருக்கு என்ன? அது நிச்சயப் பத்திரிகையின் வாக்கியம். இரு வீட்டு உடன்படிக்கையை நூற்றுக்கணக்கில் அச்சடித்து ஊருக்குக் கொடுத்தபோது, அந்த வாக்கியமும் அப்படியே கூட வந்துவிட்டது.

அப்படியானால் ஊரை எப்படி அழைத்தார்கள்? சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி கல்யாணச் சேதியைப் புகார் நகரத்துக்குச் சொன்னவர்கள், யானையின் கழுத்தின்மேல் ஏற்றி அனுப்பப்பட்ட பெண்கள். எழுத்தே இல்லை. ஒத்தக்கடையில் யானையைக் கல்லாகத்தான் பார்க்க முடியும். யானைமலை நீளமாகப் படுத்துக் கிடக்கிறது. அதன் அடிவாரத்தில் நரசிங்கத்துக் குடைவரையில் 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கோயிலைக் குடைந்ததையும், குடமுழுக்குக்கு முன்பே அவர் இறந்ததையும், தம்பி மாறன் எயினன் பணியை முடித்ததையும் வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் யோக நரசிங்கப் பெருமாள் துணை என்று கார்டின் தலையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

யானை ஏற்றி அனுப்ப முடியாத குடும்பங்களுக்குப் பாக்கு இருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பழம். பங்காளி வீடு, மாமன் வீடு, சம்பந்தி வீடு என்று முறை பார்த்துப் போய், பாக்கை வைத்து வாயால் சொன்னால் அழைத்தாயிற்று. தெற்குச் சீமைக் கிராமங்களில் ‘பாக்கு வைத்தல்’ என்றாலே அழைப்பதுதான். பந்தியில் உட்காராமல் வீம்பு பண்ணுகிறவனைப் பார்த்து, ‘ஒனக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமா?’ என்று கேட்கிறோமே, அந்த வழக்கத்தின் மிச்சம் அது.

இனி அந்த வினைக்கு விடை சொல்லலாம். கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பழைய பொருள்கள் ஒன்றாகிவிட்டன. இரு வீட்டைப் பிணைத்த ஓலை ஒன்று; உறவைக் கூப்பிட்ட பாக்கு மற்றொன்று. பெயரை ஓலை கொடுத்தது, வினையைப் பாக்கு கொடுத்தது. தாம்பாளத்தில் பாக்கு இருந்த இடத்தில் அச்சடித்த அட்டை வந்து உட்கார்ந்ததும், பாக்குக்கு உரிய ‘வைத்தல்’ அதற்குப் போய்விட்டது. எந்த அகராதியிலும் இப்படிப் போட்டிருக்காது. ஆனால் வெற்றிலை பாக்கு இல்லாமல் வெறுங்கையால் நீட்டினால் அதைப் பத்திரிகை ‘குடுத்தாக’ என்றும், தாம்பாளத்தோடு வந்தால் ‘வச்சாக’ என்றும் கிழவிகள் பிரித்துச் சொல்வதைக் கேட்டவர்களுக்கு அகராதி தேவைப்படாது. ஆள் இல்லாத வீட்டில் ‘பூட்டுல செருகிட்டுப் போயிட்டாக’ என்பது இந்த வரிசையில் கடைசிப் படி. கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க அதைவிட நல்ல காரணம் கிடையாது.

அட்டை எப்போது பாக்குத் தட்டில் ஏறியது? அச்சகம் வைக்க இந்தியருக்கு இருந்த தடை 1835இல் நீங்கிய பிறகுதான் ஊருக்கு ஊர் அச்சுக்கூடங்கள் கிளைத்தன. முத்திராட்சரசாலை, யந்திரசாலை, அச்சுக்கூடம் என்று அச்சகத்துக்கே அன்று பல பேர்கள். புத்தகம் அடிப்பவர்களுக்குப் புத்தகம் எப்போதும் கிடைக்காது. கல்யாணம் எப்போதும் உண்டு. ட்ரெடில் மிஷினில் ஒரு காலால் மிதித்துக்கொண்டு ஒரு கையால் தாளை வைத்து மறுகையால் எடுத்த சிற்றூர் அச்சகங்களை வைகாசியும் ஆவணியும் தையும்தான் காப்பாற்றின. படம் போட்ட வெற்று அட்டைகள் சிவகாசியிலிருந்து வந்தன. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த ஊர் அது; தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும், அச்சு வந்ததும் காலண்டர் வந்தது, காலண்டர் வந்ததும் சாமி படம் வந்தது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் வரைந்த தெய்வங்களின் சாயல்தான் இன்றும் பூஜை அறை முதல் கார்டு வரை இருக்கிறது. மதுரைக் கார்டுகளில் அதிகம் வருவது மீனாட்சி கல்யாணம்: திருமால் கையைப் பிடித்துக் கொடுக்க, மீனாட்சி தலை குனிந்து நிற்கும் காட்சி. கோயிலின் கம்பத்தடி மண்டபத்துக் கல்லிலிருந்து அது அப்படியே அட்டைக்கு இறங்கியிருக்கிறது.

ஆல்பத்தைப் புரட்டி அட்டை தேர்ந்தெடுத்த பிறகு கை வேலை தொடங்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு அட்டையும் சட்டத்துக்கு அடியில் தனியே போய்வர வேண்டும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி. அதில் எழுத்து இருக்கும் இடம் மட்டும் மை புக வழி. ரப்பர் கட்டையால் மையை ஒரே அழுத்தத்தில் இழுத்தால் அட்டையில் எழுத்து விழும். அழுத்தம் கூடினால் ‘ழ’வின் வளைவு அடைந்துபோகும், குறைந்தால் புள்ளி விழாது. பொன்னிற மை காய நேரமாகும். ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வைப்பார்கள். ஐப்பசி அடைமழையில் அதுவே பெரிய பாடு. கறுப்பு மை மட்டும் கூடவே கூடாது. அரக்கு, பச்சை, நீலம் எதுவும் இருக்கலாம், கறுப்பு கருமாதிக்கு.

புரூஃப் பார்க்கும் மேசையில்தான் சொல்லின் வரலாறு உண்மையில் நடந்திருக்கிறது. பழைய கார்டுகளில் தலைப்பு ‘விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை’. மாப்பிள்ளை சிரஞ்சீவி, பெண் சௌபாக்கியவதி. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் அதன் பின் திராவிட இயக்கமும் அந்த வாசகத்தை ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்தன. 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தி வைத்தார். அந்த வகைக் கல்யாணங்களின் அட்டையில் லக்னம் போய் ‘தலைமை’ வந்தது, விவாகம் போய் ‘வாழ்க்கை ஒப்பந்த விழா’ வந்தது. 1967இல் அண்ணா அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்த பிறகு அத்தகைய திருமணங்கள் சட்டப்படியும் செல்லுபடியாயின. ஒப்பந்தம் என்று வெளிப்படையாக எழுதியபோது, லக்னப் பத்திரிகையைத் தூக்கிப்போட்டவர்கள் தம்மை அறியாமல் அதன் ஆதிப்பொருளையே திரும்பப் பிடித்தார்கள் என்பது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது.

பத்திரிகை என்ற தலைப்பை அழைப்பிதழ் பிடித்துக்கொண்டதும் இந்த ஓட்டத்தில்தான். நல்ல சொல். வடமொழி இலைக்குப் பதில் தமிழ்ப் பூவிதழ். ஆனால் கட்சி வேறுபாடு, சாதி வேறுபாடு இல்லாமல் அட்டைகளில் ஏறிய அது, வாயில் ஏறவில்லை. 786 போட்டுத் தொடங்கும் நிக்காஹ் அட்டையிலும், வேத வசனம் போட்டுத் தொடங்கும் அட்டையிலும், ‘உ’ போட்டுத் தொடங்கும் அட்டையிலும் தலைப்பு அழைப்பிதழ். மூன்று வீட்டிலும் வாயில் வருவது பத்திரிக்கை.

சிரஞ்சீவிக்குப் பதிலாக வந்த ‘திருவளர்ச்செல்வன்’ இன்றுவரை அச்சகங்களில் சண்டை மூட்டுகிறது. வளர்செல்வன் வினைத்தொகை, வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே ‘திருவளர்செல்வன்’ என்பதே சரி. ‘திருநிறைசெல்வி’யும் அப்படியே. இலக்கணம் தெரிந்த பெரியப்பா யாராவது புரூஃபில் ‘ச்’ஐ அடித்துவிட்டுப் போவார், மாலையில் மாப்பிள்ளையின் தம்பி வந்து, எல்லாக் கார்டிலும் இருக்கிற எழுத்து இதில் மட்டும் ஏன் இல்லை என்று திரும்பச் சேர்ப்பார். அச்சகக்காரர் பணம் கொடுக்கிறவர் பக்கம். வீட்டில் இன்னும் கல்யாணமாகாத பிள்ளைகள் இருந்தால் திருவளர், கடைசிக் கல்யாணம் என்றால் திருநிறை என்று ஒரு விளக்கமும் வழங்குகிறது. இலக்கணத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் பெண் தேடுகிறவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்து அடுத்த வரன் உண்டா என்று விசாரிக்கிறார்கள். சொல் வேலை செய்கிறது. ஓலைச்சுவடியில் புள்ளி வைப்பதில்லை. அங்கே இந்தச் சண்டைக்கே வழியில்லை; ‘ச்’சா ‘ச’வா என்பதைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

எழுத்துச் சண்டையாவது பெரியப்பாவோடு முடியும். பெயர்ச் சண்டை முடியாது. தாய்மாமன் பெயர் இரண்டாவது வரியில் போனது, சித்தப்பா பெயருக்குப் பின்னால் பட்டம் விட்டுப்போனது, அத்தை மகன் பெயரே இல்லாமல் போனது என்று முகூர்த்தக்கால் ஊன்றுவதற்குள் எத்தனை பஞ்சாயத்து! மதுரை வட்டாரத்துக் கார்டுகள் நாலு பக்கம், எட்டுப் பக்கம் என்று புத்தகமாகப் பெருத்ததற்குக் காரணம் அழகுணர்ச்சி அல்ல, பயம். கட்சித் தலைவர்கள் படம் ஒரு பக்கம், குலதெய்வம் ஒரு பக்கம், பங்காளிகள் இரண்டு பக்கம்.

இப்போது ஓலை திரும்ப வந்துகொண்டிருக்கிறது. கையால் செய்த அட்டை வேண்டும் என்று கேட்கிற இளம்பிள்ளைகள் விதை பொதிந்த தாள், பருத்தித்துணிக் கழிவில் செய்த கைக்காகிதம், பனையோலை என்று தேடுகிறார்கள். ஓலை அழைப்பிதழில் ஸ்கிரீன் பிரிண்டிங்காலோ லேசராலோ எழுத்து இடுகிறார்கள். பழைய முறையில் அந்த வேலை நீளம். நடுப்பதமான ஓலையை ஈர்க்கு நீக்கி, வெந்நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, சங்கால் தேய்த்து வழவழப்பாக்கி, எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியும் மஞ்சளும் கோவையிலைச் சாறும் பூசித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை நிற்கும். அழகுக்கென்று செய்த மடலுக்கு முன்னோடி கேட்டால் நான் மாதவியைச் சொல்வேன். பிரிந்துபோன கோவலனுக்கு அவள் எழுதிய முதல் கடிதம் தாழையின் வெண்மடலில். எழுத்தாணி பித்திகை அரும்பு. மை செம்பஞ்சுக் குழம்பு. சுற்றிலும் பல பூக்கள் தொடுத்த மாலை. இவ்வளவும் செய்து வசந்தமாலையிடம் கொடுத்தனுப்பினாள். கோவலன் வாங்கவில்லை. கைவேலையைப் பார்த்து ஆள் வருவான் என்று எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது போலிருக்கிறது.

பத்திரிகை பத்திரமாகவும் திரும்பிக்கொண்டிருக்கிறது. 2009இல் தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமான பிறகு, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் முகவரிச் சான்று, வயதுச் சான்றோடு கல்யாணப் பத்திரிகையையும் எடுத்துப் போகிறார்கள். ஊரை அழைத்து முடித்த அட்டை அங்கே கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி. மறுபடியும் மூலம், நகல், கையெழுத்து.

அழைக்கிற வேலையைக் கைபேசி எடுத்துக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் நாதஸ்வரத்தோடு பூத்தூவும் அழைப்பிதழ் வந்து விழுகிறது. ‘பத்திரிக்கை வந்துச்சா?’ என்று கேட்டால், ‘அனுப்பியிருக்காக, வைக்கல’ என்கிறார்கள். அனுப்புகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் படத்துக்குக் கீழே, தபாலில் போட்ட காலத்து வாசகத்தையே சேர்த்துவிடுகிறார்கள்: இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதி வரவும். அழைத்ததாக என்றுதான் எழுதுகிறார்கள். வைத்ததாக என்று எழுத இதுவரை யாருக்கும் துணிச்சல் வரவில்லை.